சும்மா செய்த வேலை சோறு போடுமா?

இயற்கை வேளாண்மை இயக்கம் தமிழ்நாட்டில் வளர்ந்தது காசால் இல்லை, ஆளால். பயிற்சி நடத்தணுமா, விதைத் திருவிழாவுக்குப் பந்தல் போடணுமா, நெல் ரகங்களைப் பொட்டலம் கட்டிப் பேர் எழுதி ஒட்டணுமா, வெளியூர்ல இருந்து வர்ற உழவர்களுக்குத் தங்க இடம் பார்க்கணுமா, எல்லாத்துக்கும் நாலு பேர் சம்பளம் வாங்காம வந்து நின்னாங்க. இன்னைக்கும் நிக்கிறாங்க. அதைப் பெருமையாச் சொல்லிக்கிறோம். சொல்லலாம், தப்பில்லை.

ஆனா ஒரு கேள்வியை மட்டும் நாம கேட்கிறதே இல்லை. அப்படி வந்து நின்ன பிள்ளைகள் மூணு வருசம் கழிச்சு எங்கே இருக்காங்க?

சொந்த நிலம் இருந்தவங்க உழவர் ஆகிட்டாங்க. கையில கொஞ்சம் முதல் இருந்தவங்க மரபு அரிசிக் கடையோ செக்கு எண்ணெய்க் கடையோ வெச்சிருக்காங்க. ரெண்டும் இல்லாதவங்க பெரும்பாலும், எந்த வேலையை விட்டுட்டு வந்தாங்களோ அதே வேலைக்குத் திரும்பிப் போயிட்டாங்க. "வீட்டுல கேட்கிறாங்கண்ணா, இனிமே முடியாது" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளை நம்மில் பலருக்குத் தெரியும். அவங்களுக்குக் கொள்கை குறைஞ்சு போகல. வயித்துப்பாடு வந்து நின்னுது, அவ்வளவுதான். அவங்களோட சேர்ந்து அவங்க கத்துக்கிட்டதும் போச்சு. அடுத்த வருசம் புதுசா நாலு பேருக்கு அமுதக்கரைசல் கலக்குறதுல இருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறோம்.

என் கருத்து இதுதான்: தன்னார்வப் பணி சம்பளம் தரும் வேலைக்கும் தொழிலுக்கும் வழி ஆகும். ஆனா தானா ஆகாது. எத்தனை நாளைக்கு என்று காலம் வேணும், கையில் ஒரு தொழில் ஏறணும், செய்த வேலைக்கு எழுத்தில் சாட்சி வேணும், ஒரு நாளிலிருந்து கூலி தொடங்கணும். இந்த நாலும் இல்லாத தொண்டு, தொண்டு என்ற பேரில் நடக்கிற இலவச உழைப்பு. அதை நடத்துறது நாமே ஆனாலும் பேர் அதுதான்.

ரெண்டு கிலோவுக்கு நாலு கிலோ

நெல் ஜெயராமன் அவர்கள் 2006-ல் தொடங்கி ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழா நம்ம எல்லாருக்கும் தெரியும். அங்கே விதை வாங்கப் போனவருக்கு 2 கிலோ கொடுத்தாங்க. காசு வாங்கல. ஆனா அடுத்த வருசம் 4 கிலோவாத் திருப்பித் தரணும் என்பது ஏற்பாடு. அந்த ஒரு கணக்கு இருந்ததால்தான் வருசா வருசம் விதை பெருகி, பல மாவட்டங்களுக்குப் போச்சு. வெறும் தானமா அள்ளிக் கொடுத்திருந்தா ரெண்டு வருசத்துல கிடங்கு காலியாகியிருக்கும்.

ஒரு பிள்ளை தன் ஆறு மாதத்தை நமக்குக் கொடுக்குது. அதுவும் விதைதான். நாம திருப்பிக் கொடுக்கிற நாலு கிலோ எது? ஒரு சான்றிதழும், மேடையில போர்த்துற துண்டும் என்றால் அந்தக் கணக்கு நிக்காது.

இன்னொரு நாட்டு உதாரணம் சொல்றேன். 1971-ல் இங்கிலாந்தில், லண்டனில் செயலராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், வார இறுதியில் கிராமத்துக்குப் போய் இயற்கைப் பண்ணையில் வேலை செய்ய ஆசைப்பட்டு ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கிற 'வூஃப்'. அங்கே பொதுவான வழக்கம், ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை, அதற்குச் சாப்பாடு, தங்க இடம், கூடவே கத்துக்கிறது. யார் எதைக் கொடுக்கிறாங்க, யார் எதை வாங்குறாங்க என்று இரண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கு. அது பிழைப்பு தர்ற ஏற்பாடு இல்லை, அனுபவம் தர்ற ஏற்பாடு. அதையும் மறைக்காமச் சொல்லிடுறாங்க. நம்ம ஊர்ல ரெண்டையும் கலந்துட்டோம். வர்ற பிள்ளை பிழைப்பு கிடைக்கும் என்று நினைச்சு வருது. நாம அனுபவம் மட்டும் கொடுத்து அனுப்புறோம்.

எந்த வேலைக்குக் காசு வரும்?

"இயற்கை விவசாயத்துல சம்பளம் கொடுக்க யாருங்க இருக்கா? உழவனுக்கே கட்டுபடியாகல" என்பது வழக்கமாக வர்ற பதில். களை எடுக்கவும் நடவு நடவும் படிச்ச பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடியாதுதான். ஆனா உழவர் நாலு பேர் சேர்ந்தா காசு கொடுக்கத் தயாரா இருக்கிற வேலைகள் இருக்கு. அதெல்லாம் இன்னைக்கு ஆள் இல்லாமக் கிடக்குற வேலைகள்.

ஒண்ணு, பதிவு எழுதுறது. பங்கேற்புச் சான்றளிப்பு முறையில குறைஞ்சது 5 உழவர் சேர்ந்து ஒரு குழு ஆகலாம். ஒருத்தர் வயலை இன்னொருத்தர் பார்த்துச் சரி என்று சொல்லணும். கேட்கச் சுலபமாத்தான் இருக்கு. ஆனா வயல் வரைபடம், பயிர் விவரம், இட்ட இடுபொருள், பார்வையிட்ட தாள் என்று எல்லாம் எழுதி, இணையத்தில் ஏத்தணும். நம்ம உழவர்ல பாதிப் பேர் சான்று வாங்காம நிக்கிறது வயல் சரியில்லாம இல்லை, தாள் சரியில்லாமத்தான். ஒரு பிள்ளை ஒரு போகம் ஒரு குழுவுக்கு இதைச் சும்மா எழுதிக் கத்துக்கிட்டா, அடுத்த போகம் அஞ்சு குழுவுக்கு எழுதலாம். குழுவுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டா 50 பேருக்கு 10,000 ரூபாய். ஒரு மூட்டைக்குக் கூடுதலாக் கிடைக்கிற விலையில இது பெரிய செலவு இல்லை. ஒண்ணு மட்டும் கவனம்: எழுதுறவர் எழுதட்டும், சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்றது உழவர்கள்தான்.

இதே கைத்தொழில் ஏற்றுமதிக்கான சான்றளிப்பிலும் செல்லும். அங்கே உழவர் குழுக்கள் உள் ஆய்வாளர் வெச்சு ஒவ்வொரு வயலையும் பார்த்துப் பதிவு செய்தாகணும். கோயம்புத்தூரில் 2007-ல் தொடங்கின நம்ம மாநில அங்ககச் சான்றளிப்புத் துறையின் கீழ் பதியிற குழுக்களுக்கும் இந்த ஆள் வேணும்.

ரெண்டு, விதை. மரபு நெல் கேட்டு ஆள் வர்றாங்க. கலப்பில்லாத விதைதான் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா என்று வாங்கி விதைச்சா நாலு உயரத்துல கதிர் வருது. தூர் கட்டும்போதும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்னாடியும் வயலுக்குள்ள இறங்கி, உயரம், இலை நிறம், பூக்கும் நாள், மீசை இதெல்லாம் பார்த்துக் கலவன் எடுக்கத் தெரிஞ்ச கண்ணு வேணும். பக்கத்து வயல் வேற ரகமா இருந்தா 3 மீட்டர் இடைவெளி விடணும். விதை ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல போகக் கூடாது. 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வெச்சு முளை எண்ணிப் பார்த்தா 80-க்குக் குறையக் கூடாது. இதையெல்லாம் புத்தகத்துல படிக்கலாம். ஆனா கலவனைக் கண்டுபிடிக்கிற கண்ணு ஒரு முழுப் போகம் வயல்ல நின்னாத்தான் வரும். அந்தக் கண்ணு உள்ள பிள்ளையை விதை உற்பத்தி பண்ற பத்து உழவர் கூலி கொடுத்துக் கூப்பிடுவாங்க.

மூணு, இடுபொருள். ஏக்கருக்கு ஜீவாமிர்தம் 200 லிட்டர். 20 ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 4,000 லிட்டர். சாணம் 200 கிலோ, வெல்லம் 40 கிலோ, பயறு மாவு 40 கிலோ, கூடவே கோமியம். அறுபது வயசு உழவர் தனியாக் கலக்கி ஊத்துற வேலையா இது? பாதிப் பேர் இயற்கை முறையை விட்டுப் போறது நம்பிக்கை இல்லாம இல்லைங்க, கலக்க ஆள் இல்லாமத்தான். ஜீவாமிர்தம் நாள் கணக்கில் வெச்சிருந்து விக்கிற சரக்கும் இல்லை. தயாரானதும் ஒரு வாரத்துக்குள்ள வயலுக்குப் போகணும். அதனால எந்த ஊர்ச் சரக்கு அந்த ஊர்ல கலக்கினாத்தான் சரி. நாலு பீப்பாய், ஒரு மாடு வெச்சிருக்கிறவரோட உடன்பாடு, ஒரு சின்ன வண்டி இருந்தா ஊருக்கு ஒரு இடுபொருள் மையம் நடத்தலாம்.

நாலு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 2020-ல் ஒன்றிய அரசு 10,000 நிறுவனங்கள் அமைக்கத் திட்டம் போட்டு, ஒரு நிறுவனத்துக்கு மூணு வருசத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அறிவிச்சது. மேலாளர், கணக்காளர் சம்பளமும் இந்த உதவியில அடக்கம். பல இடத்துல நிறுவனம் இருக்கு, உழவர் நம்புற கணக்குப்பிள்ளை இல்லை. கொள்முதல் நாள்ல எடை போட்டு எழுதி, தரம் பிரிச்சு, காசு பட்டுவாடா பண்ணி ஆறு மாதம் கூட நின்ன பிள்ளையைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் யார்? அரசு உதவி முடிஞ்ச பிறகும் சம்பளம் நிக்கணும்னா நிறுவனம் லாபத்துல ஓடணும். அதுக்கும் அந்த ஆள்தான் தேவை.

அஞ்சு, பயிற்சி. ஆந்திராவில் 2016-ல் தொடங்கின இயற்கை வேளாண்மைத் திட்டத்தைப் பாருங்க. நல்லா செய்து காட்டின உழவர்களையே, அதிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியா நிறையப் பெண்களை, மற்ற உழவருக்குச் சொல்லிக் கொடுக்கிறவங்களா ஆக்கினாங்க. அதுக்கு ஊதியமும் கொடுத்தாங்க. அந்தத் திட்டம் 2024-ல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துக்கிட்டது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்திலும் 30,000 கிருஷி சகிகளும் சமூக வள பயிற்றுநர்களும், 10,000 இடுபொருள் மையங்களும் என்று இலக்கு இருக்கு. காகிதத்தில் இருக்கிற எண் எல்லாம் வயலுக்கு வந்துடும் என்று நான் சொல்லல. ஆனா வரும்போது அந்த இடத்துல உட்காரத் தயாரான ஆளை நாம வெச்சிருக்கோமா? இல்லேன்னா கணினி மையத்துல ரெண்டு நாள் பயிற்சி எடுத்தவர் வந்து நம்ம உழவருக்குப் பாடம் நடத்துவார்.

வர்ற தம்பி தங்கைகளுக்கு

உங்களுக்கு நான் சொல்றது நாலே விசயம்.

ஆறு பண்ணையில ஒரு வாரம் வீதம் தங்குறதைவிட ஒரே பண்ணையில ஒரு போகம் தங்குங்க. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ரகம் அஞ்சு மாதத்துக்கு மேல ஓடும். நாத்தங்கால் போட்ட நாள்லேருந்து நெல் மூட்டை கட்டுற வரைக்கும் இருந்தவர் சொல்ற சொல்லுக்குத்தான் உழவன் மதிப்புக் கொடுப்பான்.

எல்லாத்தையும் கத்துக்கணும் என்று அலையாதீங்க. மேலே சொன்ன அஞ்சுல ஒண்ணைப் பிடிங்க. "எல்லா வேலையும் செய்வேன்" என்று சொல்றவரை எடுபிடியாத்தான் வெச்சுக்குவாங்க. "விதைக்குக் கலவன் எடுப்பேன்" என்று சொல்றவரைத் தேடி வருவாங்க.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, வயல், எத்தனை சென்ட், என்ன செய்தேன், என்ன ஆச்சு. பூச்சி வந்தா எந்த நாள் வந்தது, எதைத் தெளிச்சோம், கேட்டுதா கேட்கலையா. இந்த நோட்டுதான் உங்க படிப்புச் சான்று.

கடைசியா, காசைப் பத்திப் பேசக் கூச்சப்படாதீங்க. "அண்ணா, இந்தப் போகம் கத்துக்க வர்றேன். அடுத்த போகம் இதே வேலைக்குக் கூலி உண்டா, இல்லேன்னா வேற யார்கிட்டயாவது சொல்லி விடுவீங்களா?" என்று முதல் வாரத்துலயே கேளுங்க. இதைக் கேட்டுக் கோவிச்சுக்கிற இடத்துல நீங்க அஞ்சு மாதம் இருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் 2013-ல் அரசின் தன்னார்வப் பணி அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. வேலை இல்லாம இருந்தவங்கள்ல, தன்னார்வப் பணி செய்தவங்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு, செய்யாதவங்களைவிட 27 விழுக்காடு கூடுதலா இருந்ததாம். கிராமப்புறத்தில் 55 விழுக்காடு. அந்த ஊர் வேற, நம்ம ஊர் வேற. தொண்டுக்கு வர்றவங்க இயல்பாவே சுறுசுறுப்பானவங்களா இருக்கலாம், அதனாலயும் வேலை கிடைச்சிருக்கலாம். ஆனாலும் கிராமத்துல அந்த எண் கூடுறது யோசிக்க வைக்குது. அறிமுகமும் நம்பிக்கையும்தான் கிராமத்துல வேலை வாங்கித் தரும். கூட நின்னு வேலை செய்யாம அது ரெண்டும் வராது.

பண்ணை வெச்சிருக்கிற அண்ணன் அக்காமாருக்கு

முதல்ல ஒரு கசப்பான விசயம். கூலி ஆளுக்குப் பதிலா தன்னார்வலரை இறக்காதீங்க. களை எடுக்குற நாள்ல படிச்ச பிள்ளைகள் இருபது பேரை 'பண்ணை முகாம்' என்று வரவழைச்சா, அன்னைக்கு அந்த ஊர்ல இருபது பெண்களோட கூலி போச்சு. நிலமில்லாத அந்த அம்மா வருசம் முழுக்க நம்ம வயலைக் காப்பாத்தினவங்க. கத்துக்க வந்த பிள்ளை அவங்க கூட நின்னு கத்துக்கட்டும், அவங்க இடத்துல நின்னு இல்லை.

அடுத்தது, காலம் வையுங்க. ரெண்டு வாரம் பார்க்க வரட்டும். பிடிச்சா ஒரு போகம் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துக் கத்துக் கொடுங்க. அதுக்கு மேல ஒரு நாள் வேலை வாங்கினாலும் கூலி கொடுங்க. கொடுக்க முடியலையா, கொடுக்கிற இடத்துக்கு அனுப்பி வையுங்க. பெண் பிள்ளைகள் வந்தா தாழ்ப்பாள் உள்ள அறையும் ஒழுங்கான கழிப்பறையும் இருக்கான்னு முதல்ல பாருங்க.

போகும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. "நல்ல பிள்ளை, ஆர்வமானவர்" என்று எழுதாதீங்க. "3 ஏக்கர் கருப்புக்கவுனி விதை வயலில் கலவன் எடுத்தார், 12 பேருக்குச் சான்றளிப்புப் பதிவு எழுதினார்" என்று எழுதுங்க. அந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டுப் போனா அடுத்த இடத்துல வேலை கிடைக்கும்.

இயக்கமா நாம செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குறோம். அதுல பந்தலுக்கு வாடகை கொடுக்கிறோம், மைக் செட்டுக்குக் கொடுக்கிறோம், சமைச்ச அண்ணனுக்குக் கூலி கொடுக்கிறோம். ஒரு மாதம் ஃபோன் பண்ணி ஆள் சேர்த்து, பேர் எழுதி, விடியற்காலையில பேருந்து நிலையத்துல நின்னு கூட்டி வந்த பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் இல்லை. வரவு செலவுத் தாளில் அந்த உழைப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்க. தொகை சின்னதா இருந்தாலும் பரவாயில்லை.

"சேவைக்குக் காசா?"

இதைப் படிச்சுட்டுச் சில மூத்தவங்க வருத்தப்படுவாங்க. "நம்மாழ்வார் அய்யா அரசு வேலையையே விட்டுட்டு வந்தார், நீங்க வேலை கேட்கிறீங்களே" என்பாங்க. அய்யா 1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டது உண்மை. அதுக்கு அப்புறம் களக்காட்டுப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துல பல வருசம் வேலை பார்த்தார் என்பதும் உண்மை. மனசுக்கு ஒவ்வாத வேலையைத்தான் அவர் விட்டார். வேலை செய்து வாழ்றதே தப்பு என்று யாருக்கும் சொல்லல.

இன்னும் ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. ஆறு மாதம் சம்பளம் இல்லாம யாரால இருக்க முடியும்? அப்பா சம்பாத்தியம் இருக்கிறவரால முடியும். சென்னையிலயோ பெங்களூருலயோ நாலு வருசம் வேலை பார்த்துச் சேமிப்பு வெச்சிருக்கிறவரால முடியும். நம்ம வயல்ல நாத்து நடுற அம்மாவோட பொண்ணால முடியாது. அந்தப் பொண்ணுக்கு மண்ணும் தெரியும், பயிரும் தெரியும், ஊரும் தெரியும். ஆனா அவளால சும்மா வேலை செய்ய முடியாது என்ற ஒரே காரணத்தால நம்ம கூட்டத்துக்கு வரவே மாட்டா. தொண்டு மட்டுமே வாசல் என்று வெச்சா, வசதி உள்ளவங்க மட்டும் உள்ளே வருவாங்க. நாளைக்குப் பயிற்சி கொடுக்கிறவங்க, சான்று பார்க்கிறவங்க, நிறுவனம் நடத்துறவங்க எல்லாம் அவங்களாவே இருப்பாங்க. உழைக்கிறவங்க பேர்ல நடக்குற இயக்கத்துக்கு இது அழகில்லை. அதனால இந்தப் பொண்ணுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன உதவித்தொகை கொடுக்க வழி பண்ணணும்.

இப்படிச் சொல்றதால தொண்டே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. பக்கத்து வயல்காரர் மழைக்கு முன்னாடி நெல்லை அள்ளத் தவிக்கும்போது போய் நிக்கிறது, திருவிழாவுல பந்தி பரிமாறுறது, விதையைப் பகிர்ந்துக்கிறது, இதுக்கெல்லாம் யாரும் கூலி கேட்கப் போறதில்லை. "இன்னைக்கு உன் வயலுக்கு நான், நாளைக்கு என் வயலுக்கு நீ" என்பது நம்ம பழைய வழக்கம். அதுலயும் கொடுக்கல் வாங்கல் இருந்தது, யாரும் யாரையும் ஏய்க்கல என்பதைத்தான் ஞாபகப்படுத்துறேன்.

அடுத்த பட்டத்துக்கு முன்னாடி உங்க குழுக் கூட்டத்துல மூணு கேள்வியை வையுங்க. நம்மகிட்ட இப்போ சும்மா வேலை செய்யிறவங்க யார் யார்? ஒவ்வொருத்தரும் எந்தத் தொழிலைக் கத்துக்கிட்டிருக்காங்க? எந்த மாதத்துலேருந்து, யார் பங்கு போட்டு, எவ்வளவு கூலி? பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதி, அந்தப் பிள்ளையையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.